மாரிகுப்பத்துக்குக் கொண்டுபோன பாட்டு

பினாங்கில் பிறந்து, பர்மிங்ஹாமில் நர்ஸ் வேலை பார்க்கிற எனக்கு, இந்தியா என்பது அதுவரை என் அப்பா அளந்துவிட்ட கதைகளால் ஆன ஒரு நாடு. அந்தக் கதைகளில் ஆறெல்லாம் கடல் போல ஓடும், தேங்காய் ஒவ்வொன்றும் குடம் அளவு இருக்கும். தங்கையின் கல்யாணத்துக்குப் பினாங்கு போகிற வழியில் ஒரு வாரம் அங்கே இறங்க வேண்டி வந்தபோது, முதலில் எனக்கு எரிச்சல்தான் வந்தது. ரஹீம் கேட்டு மறுக்க முடியவில்லை.

ரஹீம் எங்கள் ஆஸ்பத்திரியில் எலக்ட்ரீஷியன். கோலார் தங்கவயல்காரன். அவன் அத்தா ஹுசேன், சுரங்கத்தில் வேலை செய்துகொண்டே வியாழக்கிழமைதோறும் தர்காவில் தாயிரா என்கிற ஒற்றைத்தோல் பறையைத் தட்டிப் பாடியவர். சுரங்கத்துக்குள் பாறை வெடித்து இறந்துபோனார். அப்பன் போன இடத்தில் பிள்ளைக்கு வேலை தருவார்கள். ரஹீமின் அம்மா அதை வாங்க விடவில்லை. எங்கே வேண்டுமானாலும் போ, கீழே மட்டும் போகாதே என்று சொல்லிவிட்டாராம். அவன் போன தூரம் பர்மிங்ஹாம்.

அங்கே அவனுக்குக் கிடைத்த கூட்டாளி டெல்ராய். ஜமைக்காக்காரன், என்னோடு வேலை பார்க்கும் நர்ஸ் ஒருத்தியின் தம்பி. வீட்டு நிலவறையில் ஆள் உயர ஸ்பீக்கர் பெட்டிகளை அடுக்கி வைத்துக்கொண்டு, தெருவே அதிர ரெக்கே பாட்டு போடுகிறவன். ரெக்கேயில் தாளம் நாம் எதிர்பார்க்கிற இடத்தில் விழாது, அரை அடி தள்ளி விழும். டப் என்பது அதையும் தாண்டியது. முழுசாகப் பதிவான பாட்டை எடுத்து, குரலை உருவிவிட்டு, பேஸ் என்கிற கீழ்ச்சத்தத்தையும் டிரம்மையும் மட்டும் ஓடவிட்டு, நடுநடுவே குரலின் ஒரு துண்டை எதிரொலியோடு வீசுவார்கள். முதல் முறை கேட்டபோது மெஷின் பழுதாகிவிட்டது என்றுதான் நினைத்தேன்.

ஹுசேன் தனியாகத் தாயிரா தட்டிப் பாடிய ஒரு பாட்டைப் பங்காருபேட்டை ரேடியோ கடைக்காரர் ஒருவர் எப்போதோ விளையாட்டாக ஸ்பூல் டேப்பில் பிடித்து வைத்திருந்தார். அதை ரஹீம் கேட்டு வாங்கி வைத்திருந்தான். அந்தக் குரலின் கீழே டெல்ராயின் ரெக்கேயைப் போட்டு, இருவரும் மாதக்கணக்கில் உழைத்து ஒரு டப் செய்திருந்தார்கள். அதை இசைத்தட்டாகப் போட ஆள் தயார். ரஹீம்தான் தயாராக இல்லை.

"அந்தக் குரல் என்னுது இல்ல சிஸ்டர், எங்கம்மாளுது. அவங்க கேட்டுட்டு சரின்னா போடுவோம். இல்லாட்டி அழிச்சிடுவேன்" என்றான்.

"கடுதாசி எழுதிக் கேளேன்."

"அம்மாளுக்குப் படிக்கத் தெரியாது. பக்கத்து வூட்டுக்காரங்க எனக்குப் புடிச்ச பதில எழுதிப் போட்டுடுவாங்க. நீங்க போய் அவங்க மூஞ்சப் பாத்து சொல்லணும்."

கையில் ஒரு கேசட்டும், கைக்குழந்தையைவிடக் கனமான ஒரு டேப் ரிக்கார்டரும் கொடுத்தான். கூடவே ஒரு கண்டிப்பு. இதைப் பெரிய ஸ்பீக்கரில்தான் போட வேண்டும். சின்னதில் போட்டால் கீழ்ச்சத்தம் கேட்காது, அதுதான் இதன் உயிர்.

பங்காருபேட்டை ஜங்ஷனில் ரயில் மாறியபோது ஒரு டீக்காரர் என்னிடம் கன்னடத்தில் கேட்டார், பிறகு தெலுங்கில் கேட்டார். நான் இரண்டுக்கும் விழித்தேன். "இன்னா வேணும் சொல்லுங்க, டீயா காப்பியா?" என்றதும் அவரைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. மசால் வடை இரண்டு வாங்கினேன். பினாங்கு வடையைவிடப் பருப்பு குறைவு, மிளகாய் அதிகம். கண்ணில் நீர் வந்தது, ஆனாலும் இன்னும் இரண்டு வாங்கினேன்.

மாரிகுப்பம் போகும் கிளை ரயிலில் எனக்கு எதிரே இரண்டு பெண்கள் தெலுங்கில் பேசிக்கொண்டே என் மடியிலிருந்த பெட்டியைப் பார்த்தார்கள். பக்கத்தில் இருந்த பெரியவர் கேட்காமலேயே மொழிபெயர்த்தார். உள்ளே தையல் மெஷினா என்று ஒருத்தி கேட்கிறாளாம். இவ்வளவு ஜாக்கிரதையாகப் பிடித்திருப்பதைப் பார்த்தால் சாமியாகத்தான் இருக்கும் என்கிறாளாம் மற்றவள். பாட்டுப் பெட்டி என்றேன். அவர் அதைச் சொன்னதும் இருவருக்கும் முகம் சுருங்கிவிட்டது.

கடைசி நிறுத்தத்தில் இறங்கினால் வானமே வேறு நிறம். சாம்பல் நிறத்தில் குன்றுகள், அவற்றில் ஒரு புல் இல்லை. பாறையை அரைத்துத் தங்கத்தை எடுத்த பிறகு கொட்டிய மண்ணாம். காற்றடித்தால் அது பவுடராக எழுந்து பல்லில் நறநறத்தது. குன்றுகளுக்கு நடுவே இரும்புக் கோபுரங்கள், உச்சியில் சுழலும் ராட்டினங்கள். அவற்றின் கயிற்றில்தான் ஆட்களை ஏற்றி இறக்கும் கூண்டு தொங்குகிறது. இங்கே எல்லோருக்கும் அது கேஜ்.

ஜட்கா பிடித்தேன். அந்தக் குதிரைக்குச் சொந்தமாக ஒரு எண்ணம் இருந்தது. வண்டிக்காரர் இடது பக்கம் இழுக்க இழுக்க அது வலது பக்கம் போய், நேராக ஆஸ்பத்திரி வாசலில் நின்றுவிட்டது. "ரொம்ப நாளு இங்கியே சவாரி ஓட்டிக்கினு இருந்தேன்மா, அதுக்கு வேற ஊரே தெரியாது" என்றார். நர்ஸ் என்று என் நெற்றியில் எழுதி ஒட்டியிருக்கிறதா என்று எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. கடைசியில் அவர் குதிரையின் காதைப் பிடித்து நடக்க, நான் பின்னால் நடக்க, டேப் ரிக்கார்டர் மட்டும் வண்டியில் சவாரி செய்தது.

ரஹீமின் அம்மா ஜைனபம்மாள் வாசலில் நின்றுகொண்டிருந்தார். ஒல்லியான உடம்பு, நேரான முதுகு. ஒட்டிப் பிறந்தவை போல வரிசையாக இருந்த லைன் வீடுகளில் ஒன்று அவருடையது. முன்னறை ஒன்று, சமையலறை ஒன்று, மேலே தகரம்.

"வாம்மா. புள்ள எளச்சிட்டானா?"

"இல்லம்மா, தொப்பை போட்டுட்டான்."

"பொய் சொல்ற" என்றார். ஆனால் முகம் மலர்ந்துவிட்டது.

அன்றைக்கு ராகிக் களியும் கருவாட்டுக் குழம்பும். நான் களியை வாயில் போட்டு மென்றேன். எதிரில் ஒரு பெரிய மனிதர் அதைப் பார்த்து அதிர்ந்துபோனார். "மெல்லக்கூடாது சிஸ்டர், முழுங்கணும்!" அவர் சாக்கியநாதன், ஹுசேனின் தோழர். இருவரும் ஒரே ஷிஃப்டில் கீழே போனவர்கள். சாக்கியநாதன் குடும்பம் அவர் தாத்தா காலத்திலேயே பௌத்தத்துக்கு மாறியது. வீட்டில் புத்தர் படத்துக்கு விளக்கேற்றிவிட்டு, வியாழன் மாலை தர்காவில் பாட்டுக்கு உட்காருவார். எனக்கு அது வியப்பாக இருந்தது. அவருக்கு என் வியப்புதான் வியப்பாக இருந்தது. "பாட்டுக்குத் தொண்ட வேணும், வேற இன்னா வேணும்?" என்றார்.

அவர் சொல்லித்தான் கேசட்டில் இருந்த பாட்டின் முறை தெரிந்தது. ஒருவர் கேட்பார்: கூப்பிட்ட குரலுக்கு யார் வருவார்? மற்றவர்கள் பதில் பாடுவார்கள்: கூடவே இருப்பவன் வந்திடுவான். கேட்கிற வரி ஒருவருக்கு மட்டுமே சொந்தம். அவர் தன் வாயால் இன்னொருவருக்குக் கொடுத்தால்தான் அது கைமாறும். ஹுசேன் யாருக்கும் கொடுக்காமல் போய்விட்டார். அதனால் அவர் போன நாளிலிருந்து தர்காவில் மற்றப் பாட்டெல்லாம் உண்டு, இந்தப் பாட்டு இல்லை. பதில் வரியைக் கையில் வைத்துக்கொண்டு சாக்கியநாதன் வருடக்கணக்காகக் காத்துக்கொண்டிருந்தார்.

கேசட்டைப் பற்றி ஜைனபம்மாள் பேச்சே எடுக்கவில்லை. மறுநாள் ஆட்டுக்கால் பாயாவும் ஆப்பமும் செய்தார். எலும்பை எப்படி உறிஞ்ச வேண்டும் என்று செய்தே காட்டினார். பர்மிங்ஹாமில் மீனையும் உருளைக்கிழங்கையும் காகிதத்தில் சுற்றித் தருவதைச் சொன்னேன். "கொழம்பு?" என்றார். குழம்பு கிடையாது என்றதும் என்னை இரக்கத்தோடு பார்த்து இன்னொரு ஆப்பம் வைத்தார். டேப் ரிக்கார்டர் மேல் ஒரு துணியைப் போர்த்தி மூலையில் வைத்திருந்தார். அவர் பயப்படுகிறார் என்று எனக்குப் புரிந்தது. இறந்துபோன புருஷனின் குரலைக் கேட்கச் சொன்னால் யாருக்குத்தான் பயம் வராது?

சமையலறை அலமாரியில் ஒன்றைக் கவனித்தேன். பாத்திரங்களுக்கு முன்னால் ஒவ்வொரு தட்டிலும் குறுக்கே ஒரு கம்பி இழுத்துக் கட்டியிருந்தது. கப்பலில்தான் அப்படிப் பார்த்திருக்கிறேன். எதற்கு என்று கேட்டேன்.

"கீழ பாறை வெடிச்சா மேல ஆடும்மா. பர்ஸ்ட்டுன்னு சொல்லுவாங்க. ஏனமெல்லாம் உருண்டுடும்." உப்புக்கும் புளிக்கும் நடுவே சொல்கிற மாதிரி சொல்லிவிட்டு அடுப்பை ஊதினார். பக்கத்து வீடுகளிலும் அதே கம்பி இருந்தது.

வியாழக்கிழமை பிற்பகல் மைக் செட் ஜோசப் வந்தார். கோயில் திருவிழா, தர்கா கந்தூரி, கல்யாணம் எதுவானாலும் அவர் செட்டுதான். கூம்பு ஸ்பீக்கர்தான் வைத்திருப்பார் என்று நினைத்தேன். அவர் மூன்று ஆட்களோடு தூக்கி வந்தது, மூடிப்போன டூரிங் டாக்கீஸிலிருந்து வாங்கிய பெட்டி ஸ்பீக்கர். ஆள் உயரம். எனக்கு டெல்ராயின் நிலவறை ஞாபகம் வந்து குஷியாகிவிட்டது. மாலையில் தர்காவில் போடலாம், அதற்கு முன் அம்மா வீட்டில் ஒரு தடவை கேட்கட்டும் என்று ஏற்பாடு.

பெட்டியை முன்னறையின் கல் தரையில் வைத்தோம். ஜைனபம்மாள் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு சமையலறை நிலைப்படியில் உட்கார்ந்தார். சாக்கியநாதன் சுவரோரம் சம்மணம் போட்டார். ஜோசப், "ஃபுல்லா வெக்கட்டுமா?" என்றார். வையுங்கள் என்றேன்.

அந்தப் பாட்டு குரலில் தொடங்குவதில்லை. முதலில் கீழ்ச்சத்தம் வரும். காதுக்கு வருவதற்கு முன்னால் நெஞ்சுக்கு வரும். தரை ஒருமுறை உறுமியது. தகரம் தடதடத்தது. அலமாரியில் அத்தனை பாத்திரமும் கம்பியில் மோதிக் கலகலத்தது. ஆகா, பர்மிங்ஹாமில்கூட இப்படிக் கேட்டதில்லையே என்று நினைத்துத் திரும்பினால், நிலைப்படியில் ஜைனபம்மாள் இல்லை.

வெளியே ஓலம். லைன் முழுவதும் கதவுகள் அறைந்து திறந்தன. மாவுக் கையோடு ஒருத்தி, பாதி பின்னிய சடையோடு ஒருத்தி, இடுப்பில் பிள்ளையோடு ஒருத்தி. யாரும் யாரையும் எதுவும் கேட்கவில்லை, எல்லோரும் ஒரே திசையில் ஓடினார்கள். "பர்ஸ்ட்டு! பர்ஸ்ட்டு!" என்று எங்கோ ஒரு குரல் கேட்டது. சாக்கியநாதனும் எழுந்து ஓடிவிட்டார். ஜோசப் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, தலையில் கைவைத்தபடி என்னைப் பார்த்தார். பிறந்ததிலிருந்து இந்த ஊரிலேயே இருக்கும் அவருக்கும் இந்தச் சத்தம் பர்ஸ்ட்டு போலவே இருக்கும் என்று தோன்றவில்லை. லைன் வீட்டு ஆண்கள் பலரும் கீழே ஷிஃப்டில் இருக்கிற நேரம் அது.

ஜைனபம்மாளின் செருப்பு வாசலில் கிடந்தது. அதை எடுத்துக்கொண்டு நானும் ஓடினேன்.

சுரங்கத்துக்குள் இறங்கும் ஷாஃப்ட்டின் வாசல் கேட்டில் பெண்கள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். காவலாளி கத்திக்கொண்டிருந்தார், ஒன்றுமில்லை, ஒன்றுமே ஆகவில்லை என்று. கோபுரத்தின் ராட்டினம் எப்போதும் போலச் சுழன்றுகொண்டிருந்தது. அப்போது உள்ளே ஒரு மணி டண், டண், டண் என்று மூன்று முறை அடித்தது. அத்தனை பெண்களும் ஒரே நேரத்தில் மூச்சுவிட்டார்கள். கேஜ் மேலே வந்தது. ஏழெட்டு ஆட்கள் தலையில் விளக்கோடு இறங்கி, கேட்டில் கூட்டத்தைப் பார்த்துத் திகைத்து நின்றார்கள்.

ஜைனபம்மாள் வெறுங்காலோடு கம்பியைப் பிடித்தபடி நின்றார். காலில் ரத்தம். ஸ்பீக்கர் ஓடுவதை எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தவர் அவர். கீழே அவருக்கு யாரும் இல்லை. புருஷன் இல்லை, பிள்ளை சீமையில். ஆனாலும் எல்லோருக்கும் முன்னால் ஓடி வந்திருந்தார். அதைப் பார்த்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. செருப்பைக் கீழே வைத்தேன். அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், போட்டுக்கொண்டார்.

விஷயம் தெரிந்ததும் மாவுக்கைப் பெண் என் எதிரில் வந்து நின்றாள். "இன்னாம்மா, நீ நல்லா கீறியா? உன் சீமைப் பாட்டுக்கு எங்க வயித்துல புளியக் கரைச்சிட்டியே!" ஜோசப்பைக் கேட்டவர்கள் இன்னும் காரமாகக் கேட்டார்கள். அதை நான் இங்கே எழுதவில்லை.

அன்று மாலை தர்காவில் கேசட் போடவில்லை. போடலாமா என்று கேட்கிற தைரியமும் எனக்கு இல்லை. அவர்கள் மற்றப் பாட்டுகளைப் பாடினார்கள். சாக்கியநாதன் என் பக்கம் திரும்பவே இல்லை. முடிந்ததும் ஒருவர் வந்து, இறைவன் பேரைச் சொல்லும் பாட்டுக்கு இடியும் ஆட்டமும் எதற்கு என்று உருதுவில் கேட்டார். இன்னொருவர் அதைத் தமிழில் சொன்னார். இரண்டு மொழியிலும் எனக்கு உறைத்தது.

வெள்ளிக்கிழமை காலையில் பெட்டியைக் கட்டினேன். பதில் தெரிந்துவிட்டது, இனி இங்கே எதற்கு உட்கார்ந்திருக்க வேண்டும்? ரஹீமிடம் எப்படிச் சொல்வது என்று வார்த்தைகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். தண்ணீர்க் குடத்தோடு உள்ளே வந்த ஜைனபம்மாள் அதை இறக்கி வைத்தார்.

"எங்க கெளம்பிட்ட? அந்தப் பொட்டில அவரு கொரல் கீதா இல்லியா?"

"இருக்கும்மா."

"நேத்து அது வர்றதுக்குள்ள ஓடிட்டேன். இப்ப போடு. உன் சின்னப் பொட்டியிலயே போடு."

அவரே வாசலுக்குப் போய்ச் சாக்கியநாதனைக் கூப்பிட்டு வந்தார். நான் துணியை எடுத்தேன். டேப் ரிக்கார்டரின் சின்ன ஸ்பீக்கரில் இடி இல்லை, தூரத்தில் யாரோ கதவைத் தட்டுவது போல மட்டும் இருந்தது. கிட்டார் அரை அடி தள்ளித் தள்ளி வெட்டியது. தாயிரா அதோடு ஒட்டாமல் இரண்டு சுற்று போய், மூன்றாவது சுற்றில் கைகோத்துக்கொண்டது. பிறகு ஹுசேன் வந்தார்.

கூப்பிட்ட குரலுக்கு யார் வருவார்... யார் வருவார்... வருவார்... வருவார்...

கரகரத்த, பெரிய குரல். டெல்ராய் போட்ட எதிரொலியில் அது சுவருக்குச் சுவர் மோதி, தேய்ந்து, எங்கோ ஆழத்துக்குப் போனது. ஜைனபம்மாள் முக்காட்டை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டார். நான் நிறுத்தப் போனேன். கையை ஆட்டி வேண்டாம் என்றார்.

"இது எப்டி இவனுக்குத் தெரிஞ்சிச்சு?" என்றார் சாக்கியநாதன்.

"எது?"

"கீழ இப்டித்தான் சிஸ்டர் கேக்கும்! வேல முடிஞ்சி கேஜுக்கு நிக்கும்போது ஹுசேன் பாய் ஒரு வரி வுடுவாரு. லெவல் சொரங்கம் பூரா சுத்திட்டுத் திரும்பி வரும். நாங்க இந்தாண்ட இருந்து பதில் குடுப்போம். ரஹீம் கீழ எறங்கினதே இல்லியே!"

ஜைனபம்மாள் அவரைத் திரும்பிப் பார்த்தார். "நெஜமாவா? இப்டியேவா?"

"இப்டியேதாம்மா."

"இத்தினி வருசம் இத்த நீங்கல்லாம் கேட்டுகினு இருந்தீங்க. எனக்கு ஒருத்தரும் சொல்லலியே." அந்தக் குரலில் துக்கம் மட்டும் இல்லை, நல்ல பொறாமையும் இருந்தது. கட்டின புருஷனின் ஒரு பாதியை ஊரே கேட்டிருக்கிறது, அவர் கேட்கவில்லை.

அடுத்த சுற்றில் டெல்ராயின் கைவரிசை வந்தது. ஹுசேன் ஒரு முறை கேட்டார், பிறகு குரலை உருவிவிட்டார்கள். தாளம் மட்டும் காலியாக ஓடியது. பர்மிங்ஹாமில் அந்தக் காலி இடம் எனக்கு எப்போதும் கோபத்தை மூட்டும், பாட்டை ஏன் இப்படிப் பாதியில் விட்டுவிடுகிறார்கள் என்று. சாக்கியநாதனுக்கு அது காலியாகத் தெரியவில்லை. தொடையில் ஒரு தட்டு தட்டி, கண்ணை மூடிக்கொண்டு பாடினார்.

கூடவே இருப்பவன் வந்திடுவான்!

சரியாக அந்த இடத்தில், அளந்து வைத்த மாதிரி, பதில் உட்கார்ந்தது. மறுபடி ஹுசேன் கேட்டார். மறுபடி சாக்கியநாதன் சொன்னார். பாட்டு முடிந்ததும் அவர் எழுந்து வெளியே போய், குழாயடியில் வெகுநேரம் முகம் கழுவினார்.

நான் ஜைனபம்மாளிடம் கேட்டேன், ரஹீமுக்கு என்ன சொல்லட்டும் என்று. வேண்டுமானால் அந்த இடிச் சத்தத்தை எடுத்துவிடச் சொல்கிறேன் என்றும் சொன்னேன்.

அவர் எழுந்துபோய் அலமாரிக் கம்பியை ஒருமுறை இழுத்துப் பார்த்தார். "எடுத்துட்டா அது இன்னா பாட்டு? அந்தச் சத்தத்துலதான் அவரு போனாரு. அத எடுத்துட்டுக் கொரல மட்டும் வெச்சா, அவரு கட்டில்ல படுத்து செத்தா மாதிரி ஆயிடும்."

"அப்படியே இருக்கட்டுமா?"

"அப்டியே வுட்டா எங்க ஜனம் உக்காந்து கேக்காது. ஓடும். சத்தத்துக்கு அப்பறம் பெல் வரணும். மூணு பெல்."

மூன்று முறை மணி அடித்தால் கேஜில் ஆட்கள் ஏறிவிட்டார்கள், மேலே வருகிறார்கள் என்று அர்த்தம். ஹுசேன் போன நாளில் அந்த மணி ஓயாமல் அடித்துக்கொண்டே இருந்ததாம். ஒவ்வொரு முறையும் புருஷன்தான் வருகிறார் என்று ஜைனபம்மாள் நினைத்தாராம். ஒவ்வொரு முறையும் வேறு யாராவது வந்தார்களாம். அதற்குப் பிறகு ஷாஃப்ட் பக்கமே போகவில்லை, நேற்று வரை. அதை அவர் சொன்ன விதத்தில் அழுகை இல்லை.

"சீமையில அந்த பெல் கெடைக்குமா?" என்றார்.

"கிடைக்காதும்மா."

"அப்ப இங்கேர்ந்துதான் எடுத்துகினு போவணும்."

சனிக்கிழமை பிற்பகல், ஷிஃப்ட் மாறுகிற நேரத்தில், நாங்கள் இருவரும் கேட்டுக்குப் போனோம். "மறுபடியும் நீங்களா?" என்றார் காவலாளி. ஜைனபம்மாள் அவரிடம் கன்னடத்தில் ஏதோ சொன்னார். அவர் என்னைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், கேட்டை ஓர் ஆள் நுழையும் அளவுக்குத் திறந்துவிட்டார். என்ன சொன்னீர்கள் என்று கேட்டதற்கு, "பையன் கேட்டான்னு சொன்னேன்" என்றார்.

ராட்டினம் நின்றிருந்தது. காற்றில் சாம்பல் மண். நான் பட்டனை அழுத்தி மைக்கை நீட்டிக்கொண்டு நின்றேன். வெகுநேரம் ஒன்றும் இல்லை. யாரோ இருமினார்கள், எங்கோ ஒரு சைக்கிள் மணி அடித்தது. கை வலித்தது. ஜைனபம்மாள் பெட்டியின் அடியில் தன் கையையும் கொடுத்துத் தாங்கிக்கொண்டார்.

டண். டண். டண்.

ராட்டினம் சுழன்றது. கயிறு நடுங்கியது. கேஜ் வந்து கதவு திறந்ததும் ஆட்கள் வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு வெளியே வந்தார்கள். அப்போது ஜைனபம்மாள் ஒரு வார்த்தை சொன்னார். என்னிடம் இல்லை, அவர்களிடமும் இல்லை. டேப் ஓடிக்கொண்டிருந்தது. நான் அதை நிறுத்தவில்லை.

ஞாயிறன்று வழியனுப்ப சாக்கியநாதன் வந்தார். அடுத்த கேசட் வந்ததும் தர்காவில் போடுவதாகவும், அதற்கு முந்தின நாளே ஜோசப்பை வீடு வீடாக அனுப்பிச் சொல்லிவிடுவதாகவும் சொன்னார். ஜைனபம்மாள் ராகி மாவு ஒரு பை கட்டிக் கொடுத்தார். மென்று தின்னாதே என்று மறக்காமல் சொன்னார். பினாங்கில் கல்யாணம் நன்றாக நடந்தது. அப்பாவிடம் இந்தியாவில் தேங்காய் சின்னதுதான் என்று சொன்னேன். அவர் நம்பவில்லை.

பர்மிங்ஹாமில் மழை. டெல்ராயின் நிலவறையில் நாங்கள் மூவரும் நின்றுகொண்டிருந்தோம். "சரின்னு சொன்னாங்களா?" என்று ரஹீம் கேட்டான். அந்த வார்த்தையை அவர் சொல்லவே இல்லை என்பது அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. மாரிகுப்பத்தில் பதிந்த கேசட்டை எடுத்துக் கொடுத்தேன்.

டெல்ராய் அதை மெஷினில் போட்டான். காற்று, இருமல், சைக்கிள் மணி. பிறகு மூன்று அடி. ரஹீம் சட்டென்று நிமிர்ந்தான். அடுத்ததாக அம்மாவின் குரல் வந்ததும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். ஊரை விட்ட பிறகு அவன் அந்தக் குரலைக் கேட்டதில்லை.

"அந்த அம்மா என்ன சொல்கிறார்?" என்று டெல்ராய் என்னிடம் கேட்டான். சொன்னேன். அவன் டேப்பைப் பின்னால் ஓட்டி, தங்கள் பாட்டின் கீழ்ச்சத்தத்தை முழுசாகத் திறந்துவிட்டு, நிலவறை அதிர்ந்து அடங்கியதும் மணியை விட்டான். எதிரொலிக் குமிழைத் தொட்டுத் திருப்பினான்.

வந்துட்டாங்க... வந்துட்டாங்க... வந்துட்டாங்க...